சிம்னிக் குழாயின் போக்கும் அண்டை வீட்டாரின் நோக்கும்: ஓர் ஆய்வு

பொருளும் எல்லையும்

தமிழாய்வுலகம் தொடாத பொருள் இல்லை என்பார்கள். கல்வெட்டில் நெல் அளந்த கணக்கு முதல் சினிமாப் பாட்டில் நிலா வந்துபோன கணக்கு வரை எதையும் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் சமையலறைச் சுவரில் ஆறு அங்குல விட்டத்துக்கு ஓட்டை போட்டு, அதில் ஒரு குழாயைச் செருகி, தாளிப்புப் புகையை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோமே, அந்த ஓட்டையை யாரும் ஆராயவில்லை. ஓட்டையின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கூட அரிது. எட்டிப் பார்த்தால் புகை முகத்தில் அடிக்கும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வாய்வின் கருதுகோள் வருமாறு: சிம்னி புகையை ஒழிப்பதில்லை; ஒருவரிடம் வாங்கி மற்றவரிடம் சேர்ப்பிக்கிறது. யாரிடம் சேர்ப்பிப்பது என்பதைக் காற்றின் திசை தீர்மானிக்கிறது என்று பொதுவாக நம்பப்படுகிறது. இந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று நிறுவுவதே நோக்கம்.

விறகடுப்பு, குமுட்டி, ஓட்டல் சமையலறை, கல்யாண மண்டபத்துக் கோட்டையடுப்பு ஆகியவை ஆய்வெல்லைக்குள் வரா. கோட்டையடுப்புப் புகைக்கு ஊரே பந்தியில் உட்கார்ந்து பொறுப்பேற்றுக்கொள்வதால் அங்கே வழக்கு எழுவதில்லை. கேஸ் அடுப்புக்கு மேலே, இரண்டு அலமாரிகளுக்கு நடுவே தொங்கும், கடைக்காரரும் வீட்டாரும் ஒருமித்துச் 'சிம்னி' என்று அழைக்கும் மின்கருவியும் அதன் குழாயும் மட்டுமே ஆய்வுப் பொருள். களம், சென்னையின் தென்புறநகரில் உள்ள நான்கு மாடி அடுக்ககம் ஒன்று. தகவலாளர்கள் வீட்டு எண்ணால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். அவர்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

முன்னோர் மொழிந்தவை

தாளிப்புப் புகைக்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமானவள் தயிரைக் கையால் பிசைகிறாள்; அந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள்; புகை கண்ணை நிறைக்கப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அவன் சுவைத்ததைப் பற்றியும் அவள் மலர்ந்ததைப் பற்றியும் அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அந்தப் புகை பிறகு எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பாடலைச் சொல்பவள் செவிலி. அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். விரலைத் துணியில் துடைத்ததைக்கூடக் கவனித்தவள், பக்கத்து வீட்டார் வந்து சண்டை போட்டிருந்தால் சொல்லாமல் விட்டிருப்பாளா? ஆகவே சங்க காலத்தில் குடியிருப்போர் சங்கம் இல்லை என்பதற்கு இப்பாடலை அகச்சான்றாகக் கொள்ளலாம்.

அடுத்து நாட்டோட்டு வீடுகள். அங்கே புகை ஓட்டின் இடுக்குகள் வழியே தானாகக் கசிந்தது. போகிற போக்கில் கைமரங்களைக் கறுப்பாக்கியது. வசதியான வீடுகளில் அடுப்புக்கு மேலே செங்கல்லால் கூண்டு கட்டி மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். இரண்டிலும் மோட்டார் கிடையாது. புகை தன் சூட்டாலேயே மேலே ஏறியது. வீட்டுக்குப் பின்னால் கிணறும் முருங்கையும் இருந்தன. முருங்கை புகார் கொடுக்கவில்லை.

மேலைநாட்டு முன்னாய்வுகளில் முதன்மையானது பெஞ்சமின் பிராங்கிளினுடையது. சுதந்திரப் போர் முடிந்து, பாரிசில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டு, 1785இல் 79 வயதில் ஊருக்குக் கப்பலேறிய மனிதர், அந்தப் பயணத்தில் உட்கார்ந்து எழுதியது தன் வீரப் பிரதாபங்களை அல்ல. புகைபோக்கிகள் ஏன் வீட்டுக்குள்ளேயே புகைகின்றன என்று வியன்னாவிலிருந்த நண்பர் இங்கன்ஹவுசுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஒன்பது காரணங்கள் கூறினார். அவற்றுள் முதலாவது இது: புதுவீடுகளில் கதவும் சன்னலும் இடுக்கில்லாமல் பொருந்தியிருக்கின்றன, உள்ளே காற்று வர வழியில்லை, காற்று வராத அறையிலிருந்து புகை போகாது. இன்னொரு காரணம் இவ்வாய்வுக்கு மேலும் நெருக்கமானது. தன் அறையில் நெருப்பே மூட்டாதவன் வீட்டிலும், அடுத்த புகைபோக்கியின் புகை அவன் கூண்டின் உச்சியில் நுழைந்து கீழே இறங்கி அறையை நிறைக்கும் என்கிறார். பி-2இல் நடப்பதை 1785இலேயே கண்டவர் அவர். பி-2 பற்றிப் பின்னர் விரியும்.

குழாயியல்

சிம்னிப் பெட்டியின் மேல் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். மணிக்கு 1200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று பொருள். வாங்குகிறவர் 1000 போதுமா 1200 வேண்டுமா என்று கேட்கிறாரே தவிர, எதையும் வகுத்துப் பார்ப்பதில்லை. வகுத்துப் பார்த்தால் வருவது இது. எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரமுள்ள சமையலறையில் ஏறக்குறைய 18 கன மீட்டர் காற்று இருக்கிறது. அப்படியானால் ஒரு நிமிடம் முடிவதற்குள் அறையிலுள்ள காற்று முழுவதும் வெளியேறியாக வேண்டும். அவ்வளவும் 6 அங்குலக் குழாய் வழியே போக வேண்டுமென்றால் குழாய்க்குள் காற்று மணிக்கு 66 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். இந்திய வானிலைத் துறை 62 கி.மீ.யைத் தொட்டாலே புயல் என்று அறிவித்துப் பெயர் சூட்டிவிடுகிறது. அதாவது விளம்பரம் மெய்யென்றால், கடுகு வெடிக்கும்போதெல்லாம் பெயர் சூட்டப்படாத ஒரு புயல் லாஃப்டுக்குக் கீழே கரையைக் கடந்துகொண்டிருக்கிறது.

சுவரில் ஏற்கெனவே 4 அங்குல ஓட்டை இருக்கிறதே, அதிலேயே விட்டுவிடலாமே என்பாரும் உளர். 4 அங்குலக் குழாயின் வாய் 6 அங்குலக் குழாயின் வாயில் பாதிகூட இல்லை. அதே காற்று அதன் வழியே போக 148 கி.மீ. வேகம் தேவை. 118ஐத் தாண்டினாலே வானிலைத் துறைக்கு அது அதிதீவிரப் புயல். பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டிவரும். நடைமுறையில் மோட்டார் இதற்கெல்லாம் உடன்படுவதில்லை. காற்று குறைகிறது, சத்தம் கூடுகிறது, அவ்வளவுதான். பெட்டியிலுள்ள 1200 என்பதே தடங்கல் எதுவும் இல்லாத நிலையில் எடுத்த கணக்கு. குழாயை மாட்டியதும் அது இறங்கும். நெளிநெளியான அலுமினியப் பைப்பாக இருந்தால் இன்னும் இறங்கும். அந்த நெளிவுகளில் எண்ணெயும் தேங்கும். ஒவ்வொரு வளைவிலும் புகை திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறது.

குழாய் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வீட்டுக்காரரிடம் இருப்பதாகத் தோன்றும். கீழ்வரும் உரையாடல், பொருத்த வந்தவருக்கும் ஏ-4 வீட்டுக்காரருக்கும் நடந்தது; பேச்சுமொழி திருத்தப்படவில்லை.

"பைப்ப எங்க சார் விடணும்?"

"வெளிய."

"வெளியன்னா?"

"வெளியன்னா வெளியதாங்க."

"ரோட்டுப் பக்கம்னா ரெண்டு பெண்டு வரும் சார். பத்தடி பைப்பு எக்ஸ்ட்ரா, கோர் கட்டிங் தனி. டக்ட்டுல விட்டா மூணடிதான், நேராப் போயிரும்."

"டக்ட்டுல விட்டா மத்த வீட்டுக்குப் போகாது?"

"எல்லாரும் அங்கதான சார் விட்டிருக்காங்க."

இந்தக் கடைசி வாக்கியமே இத்துறையின் மூலநூல். மற்றதெல்லாம் உரை. டக்ட் என்பது நான்கு மாடிக்கும் நடுவே, மேலே வானம் தெரிய விட்டிருக்கும் ஒரு சந்து. கட்டடக்காரரின் வரைபடத்தில் வெளிச்சமும் காற்றும் வருவதற்காக என்று எழுதியிருக்கும். எல்லாச் சமையலறைச் சன்னல்களும் எல்லாக் குளியலறைக் கண்ணாடிப் பலகைகளும் அதில்தான் திறக்கின்றன. மழைநீர்க் குழாய், ஏ.சி. பெட்டிகள், மேலிருந்து தவறி விழுந்து யாரும் உரிமை கோராத ஒரு துண்டு ஆகியவையும் அங்கே உண்டு.

இனி, வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேண்டிய காற்றைக் கவனிக்க வேண்டும். விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை. பொருத்துகிறவர் சொல்வதில்லை. பிராங்கிளின் சொன்னார். கொசுவுக்காகச் சன்னலையும் ஏ.சி.க்காகக் கதவையும் அடைத்த வீட்டில் சிம்னியை மூன்றாம் வேகத்தில் வைத்தால், அது எங்கிருந்தாவது காற்றை இழுத்தே தீரும். வாசல் கதவின் அடியிடுக்கு முதலில். அடுத்து, குளியலறைத் தரையில் பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் வடிகால். விருந்தினர் குளியலறைபோல அதிகம் புழங்காத இடமென்றால் அதிலுள்ள நீர் வற்றியிருக்கும், சாக்கடைக் காற்று தாராளமாக வரும். சாம்பார் மணத்தை வெளியேற்ற ஐந்தாறாயிரம் முதல் பல்லாயிரம் வரை செலவழித்துச் சாக்கடை மணத்தை வரவழைத்துக்கொள்வது இப்படித்தான். இதை அளக்க இவ்வாய்வில் பயன்பட்ட கருவி ஊதுபத்தி. பூசை அறைச் சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலும் தெரியும். ஏ-4இல் சிம்னி ஓடும்போதெல்லாம் காமாட்சி விளக்கின் சுடர் சமையலறையைப் பார்த்துச் சாய்ந்தது. அம்மன் சமையலை மேற்பார்வை பார்ப்பதாக வீட்டிலுள்ள பெரியவர் கொண்ட விளக்கத்தை மறுக்க இவ்வாய்வு முற்படவில்லை.

கையசைத்தால் இயங்கும் சிம்னிகள் பற்றி ஒரு வரி. கொசு ஓட்டுகையில் இயங்கத் தொடங்குவதும், மருமகனைத் திட்டும்போது வேகம் கூடுவதும் அவற்றின் இயல்பு.

குழாயிலிக் கொள்கை

சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் விடமாட்டார் என்னும் நிலையில் எழுந்தது இக்கொள்கை. புகையை இழுத்து, எண்ணெயை வடிகட்டி, கரித்துண்டுகள் அடைத்த வடிகட்டி வழியே மணத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, காற்றை மறுபடியும் அதே சமையலறைக்குள் விடுவது. உள்ளே வெளியே என்ற பேதமே இல்லை என்பதால் இதனை அத்வைதச் சிம்னி எனலாம். தத்துவமாகக் குறை சொல்ல இடமில்லை. நடைமுறையில், கரி வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும், மாற்றுவார் இல்லை. மாற்றினாலும் சூட்டையும் நீராவியையும் அது பிடிக்காது.

நீராவி என்றதும் குழம்பு கொதிப்பது மட்டும் நினைவுக்கு வரும். கேஸே எரியும்போது நீராகிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீர் ஆவியாக வெளிப்படும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 22 லிட்டர் தண்ணீரைத் தந்துவிட்டுத் தீருகிறது. மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் ஊரில், ஒவ்வொரு சிலிண்டரும் சத்தமில்லாமல் ஒன்றரைக் குடம் கொடுக்கிறது. குழாய் வைத்தவர் அதை டக்ட்டுக்கு அனுப்புகிறார், குழாயிலி தன் வீட்டு மேல் அலமாரியின் பலகைக்குக் கொடுத்து அதை ஊதவைக்கிறார். உப்பு ஜாடி ஈரம் கோர்ப்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே புகை வெளியே போகத்தான் வேண்டும் என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை. எந்த வெளி என்பதே வினா.

திசை

வாஸ்துக்காரர்கள் அக்கினிக்குத் தென்கிழக்கையும் வாயுவுக்கு வடமேற்கையும் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் வீட்டின் எதிரெதிர் மூலைகள். சாஸ்திரப்படி சமைத்து, சாஸ்திரப்படி புகையை வாயுவிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால், முப்பதடிக்கு முப்பதடி வீட்டில் குழாய் 42 அடி நீளத்துக்குக் குறுக்கே போக வேண்டும்: சமையலறையில் தொடங்கி, ஹாலைக் கடந்து, டி.வி.க்கு மேலாகப் படுக்கையறைக்குள் நுழைந்து. இதுவரை எந்த வாஸ்து நிபுணரும் குழாய்க்குப் பரிகாரம் சொல்லவில்லை. தென்கிழக்கிலேயே ஓட்டை போடலாம் என்றால், சென்னையில் பிற்பகலுக்குமேல் கடற்காற்று அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. ஊரே அதற்காக ஏங்கும் நேரத்தில்தான் வாழைக்காய் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்கிறது. குழாயின் வெளிமுனையில் காற்றடித்தால் சார்த்திக்கொள்ளும் மூடி இல்லையென்றால் பஜ்ஜிப் புகை போன வழியே திரும்பி வந்து, பொரித்தவரையே விசாரிக்கும்.

மூடி போடாத குழாய்க்குள் மைனா கூடு கட்டுவதும் உண்டு. அதன்பின் குஞ்சு பறக்கும் வரை அந்த வீட்டில் தாளிப்பது பாவம் என்றாகிவிடும். இது மட்டுமே புகை நிற்பதற்கான உறுதியான வழியென்று தெரிகிறது.

சட்டம்

வக்கீல்கள் ஈஸ்மென்ட் என்று சொல்லும் வசதியுரிமைச் சட்டம் 1882இல் வந்தது. முதலில் அது செல்லுபடியான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அதன் 7ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று, தன் நிலத்துக்கு வரும் காற்றை மற்றவர் அளவுமீறி மாசுபடுத்தாதிருக்க நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. தாளிப்புக்கு இது எதிர்ச்சான்று. ஆனால் அதே சட்டம் 28ஆம் பிரிவில், நீண்டகால அனுபோகத்தால் காற்றை மாசுபடுத்தும் உரிமையையும் ஒருவர் ஈட்ட முடியும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு அளவும் வைக்கிறது. அனுபோகம் தொடங்கிய காலத்தில் எவ்வளவு மாசுபடுத்தினாரோ அவ்வளவுதான் உரிமை.

இதன் விளைவுகள் ஆழமானவை. 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடையறாமலும் அமைதியாகவும் பக்கத்து வீட்டுக்குப் புகைவிட்டிருக்க வேண்டும். சிம்னி ஓடும் சத்தத்தில் 'அமைதியாக' என்ற நிபந்தனை நிறைவேறுமா என்பது முதல் சிக்கல். இரண்டாவது இன்னும் நுட்பமானது. மிளகு ரசமும் பருப்புத் துவையலும் மட்டும் செய்து 20 ஆண்டுகள் புகைவிட்டு உரிமை ஈட்டிய குடும்பத்தில், இருபத்தொன்றாம் ஆண்டு ஒரு மருமகள் வந்து மோர்மிளகாய் பொரித்தால், அது ஈட்டிய உரிமையின் அளவுக்குள் அடங்குமா? அடங்காது என்பதே ஆய்வாளரின் துணிபு. எனவே தொலைநோக்குள்ள குடும்பங்கள் புதுவீடு புகுந்த அன்றே, பால் காய்ச்சியதும், மோர்மிளகாய் பொரித்துவிடுவது நல்லது.

பிற நாட்டு வழக்குகள்

2007 அக்டோபரில் லண்டனின் சோஹோ பகுதியில் இருமலும் கண்ணெரிச்சலுமாக மக்கள் திணற, தீயணைப்புப் படை முகமூடியோடு வந்தது, தெருக்கள் மூடப்பட்டன, விஷவாயு என்ற அச்சம் பரவியது. கடைசியில் கதவை உடைத்துக் கண்டெடுத்த ஆயுதம், ஒரு தாய்லாந்து உணவகத்தில் காரத் துவையலுக்காக வறுத்த மிளகாய்ச் சட்டி. இட்லிப் பொடிக்கு மிளகாய் வறுக்கும் வீடுகளில் வாரந்தோறும் நிகழ்வதற்கு ஒரு மாநகரத்தின் அவசரகாலப் படையே திரண்டது.

கலிபோர்னியாவின் இர்விண்டேல் நகரம், சிராச்சா மிளகாய்ச் சாறு தயாரிக்கும் ஆலையின் நெடி தாங்கவில்லை என்று 2013இல் வழக்குத் தொடுத்தது. நெடி எழுப்பும் வேலைகளை நிறுத்தச் சொல்லி அந்த நவம்பரிலேயே நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் நகரமே வழக்கைக் கைவிட்டது. இதில் நமக்குக் கிடைப்பது அதிகமில்லை. அங்கே புகை விட்டது தொழிற்சாலை, எதிரே நின்றது நகராட்சி. தாளிப்பில் அத்தகைய எளிமை கிடையாது.

நமக்கு வேண்டிய வழக்கு சிங்கப்பூரில் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில் ஓர் இந்தியக் குடும்பம். பக்கத்தில் சீனாவிலிருந்து புதிதாக வந்து குடியேறிய குடும்பம். கறிக்குழம்பின் மணம் தாங்கவில்லை என்று புகார். இந்தியக் குடும்பத்தார் ஏற்கெனவே சமைக்கும்போது கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார்கள். விவகாரம் சமூக சமரச மையத்துக்குப் போனது. முடிவான உடன்பாடு இது: பக்கத்து வீட்டார் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது, பதிலுக்கு அவர்கள் அந்தக் கறியை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பது. சில ஆண்டுகள் கழித்து, 2011இல், இது செய்தித்தாளில் வெளிவந்ததும் ஊர் கொதித்தது. அந்த ஆகஸ்ட் 21ஐக் கறி சமைக்கும் நாளாக அறிவித்து இணையத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பேதமில்லாமல் அன்று அடுப்பேற்றினார்கள். உடன்பாட்டை நாங்கள் திணிக்கவில்லை, இரு தரப்பாரே சொன்னது என்று சமரச மையம் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று.

உடன்பாட்டின் முதற்பாதியைப் படித்தவர்கள் கோபப்பட்டார்கள், சரி. இரண்டாம் பாதியை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது ஆய்வாளரின் வருத்தம். புகையை வாங்கிக்கொள்கிறவருக்குக் குழம்பிலும் ஒரு கரண்டி என்பது, காற்றியக்கவியலில் இதுவரை கண்டறியப்பட்ட தீர்வுகளுள் செலவு குறைந்தது.

கள ஆய்வு

முன்சொன்ன அடுக்ககத்தில் குடியிருப்போர் சங்கம் ஒரு புகார்ப் புத்தகம் வைத்திருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பார்க்கிங் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் வருவது புகை. அதைப் படித்துவிட்டு டக்ட்டுக்குள் மூக்கை நீட்டினால் ஒன்று விளங்கும். டக்ட்டில் ஏறும் புகைகளுள் மிகக் கொடியது ஏ-3இன் மோர்மிளகாய். அது பொரியும்போது நான்கு மாடியும் இருமுகிறது. தரைத்தளக் காவலாளி எழுந்து வெளியே போய்விடுகிறார். புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "மாமி இன்னிக்கு வத்தக்குழம்பு போல" என்று மட்டும் லிஃப்டில் பேசிக்கொள்கிறார்கள். பி-1இல் நெத்திலிக் கருவாடு வதங்கினால் யாரும் இருமுவதில்லை. அன்று மாலைக்குள் புத்தகத்தில் அரைப் பக்கம் ஏறிவிடுகிறது. பெருங்காயம் பதிவானதே இல்லை. ஏ-3 சொந்த வீடு, சங்கத்தின் பொருளாளர். பி-1 வாடகை. இவ்விரு தகவல்களும் காற்றழுத்தத்தோடு தொடர்பற்றவை என்பதால் வெறுமனே குறிக்கப்படுகின்றன.

அரைப் பக்கங்களை எழுதியவர் பி-2. முதல் மாடியிலுள்ள பி-1க்கு நேர் மேலே இருப்பவர். அவரிடம் உள்ள சிம்னிதான் கட்டடத்திலேயே பெரியது, 90 செ.மீ. அகலம், மேற்படி 1200. அதன் குழாயும் டக்ட்டில்தான் முடிகிறது. பி-1காரர் தன் குழாயைத் தன் செலவில் தெருப்பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் கோரினார். இரண்டு வளைவுகளும் பத்தடியும் ஆகும் என்று முன்னரே கண்டோம். வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை போட ஓனர் சம்மதம் வேண்டும், ஓனர் அமெரிக்காவில் இருக்கிறார். பி-1காரம்மா, "நான் வேணா ஞாயித்துக்கிழம மட்டும் வச்சுக்கிறேங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று சங்கம் அதை நிராகரித்தது.

ஊதுபத்தியோடு பி-2க்குள் நுழைந்தபோது கிடைத்த முடிவு எதிர்பாராதது. தூசிக்காகத் தெருப்பக்கச் சன்னல்கள் ஆண்டு முழுவதும் சாத்தியிருந்தன. வாசல் கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. வீட்டில் காற்று நுழையக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: டக்ட்டைப் பார்த்த குளியலறைச் சன்னல். சிம்னி ஓடாதபோது ஊதுபத்திப் புகை அங்கே சும்மா நின்றது. சிம்னியைப் போட்டதும் அந்தச் சன்னலிலிருந்து சமையலறை வரை புகை கோடு போட்டாற்போல உள்ளே ஓடியது. அதாவது பி-1இன் நெத்திலி தானாக மேலே போய் வானத்தில் கலந்திருக்கும். பி-2இன் 1200தான் அதைப் பிடித்து உள்ளே இழுத்து, வீடு முழுக்கக் காட்டிவிட்டு, மறுபடி டக்ட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. வாசம் கூடக் கூட அவர் வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடக் கூட வாசம் கூடியது. மோர்மிளகாயும் இவ்வழியேதான் வந்திருக்கும். ஆனால் அதற்கு இருமலோடு சரி.

முடிவை அவரிடம் எடுத்துச் சொல்லி, சமைக்கும்போது தெருப்பக்கச் சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும், செலவே இல்லை என்று விளக்கப்பட்டது. அவர் ஊதுபத்தி எரிந்து முடியும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சயின்ஸ் சார், கரெக்ட்டுதான். அதுக்கு அவங்க கருவாடு பண்றத நிறுத்தினாலே போதுமே?"

மேலாய்வுக்கு உரியவை

கடந்த பொதுக்குழுவில் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து மொட்டை மாடிக்குமேல் ஏற்றிவிடலாம் என்று தீர்மானம் வந்தது. பொறியியல்படி இதுவே சரியான வழி. உயரத்தில் விட்டால் காற்று கலைத்துவிடும், ஒரு வீட்டுப் புகை இன்னொரு வீட்டுக்குள் இறங்காதபடி ஒவ்வொரு வாயிலும் திருப்பித் தடுக்கும் மூடி வைத்துவிடலாம். செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பதா, சிம்னியின் எண்ணுக்கேற்பப் பிரிப்பதா என்று விவாதம் நடந்தது. குழாயிலிக் கொள்கையினர் இருவர் தாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதையும் தாண்டி ஒருவாறு ஒத்துவரும் நேரத்தில், மொட்டை மாடியில் வடாம் காயவைக்கும் தரப்பு எழுந்து நின்றது. பதினாறு வீட்டுப் புகையும் கூடுகிற இடத்தில் கூழ்வடாம் எப்படி இழுப்பது, அரிசி வடாத்தில் நெத்திலி வாசம் ஏறாதா என்று கேட்டார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

இது முறையாகச் சோதிக்கத்தக்க கருதுகோள் என்பதால், மொட்டை மாடியில் டக்ட்டின் விளிம்போரத்திலும் அதற்கு எதிர்மூலையிலும் காய்ந்த வடாங்கள் தனித்தனி டப்பாக்களில் மாதிரிகளாகச் சேகரிக்கப்பட்டன. முகர்ந்து பார்த்ததில் வேறுபாடு தெரியவில்லை. பொரித்தால்தான் தெரியும் என்று ஏ-3 மாமி கருத்துத் தெரிவிக்க, பி-1காரம்மா தன் அடுப்பைக் கொடுத்தார். இரண்டு டப்பாவும் காலியான பிறகும் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. மேலும் மாதிரிகள் தேவைப்படுகின்றன. வடாம் பொரித்த எண்ணெய்ப் புகை குறித்து அன்று மாலை பி-2 எழுதிய பதிவு, புத்தகத்தில் வைக்கப்பட்டுள்ளது.